ஈரலுக்காக இரண்டு கிழமை

எடை குறைப்பு ஒப்பரேஷனுக்குத் திகதி கிடைக்கும்போது கூடவே ஒரு தாளும் கிடைக்கும். ஒப்பரேஷனுக்கு முந்தின இரண்டு கிழமையும் சோறு, பாண், புட்டு எதுவும் இல்லை, திரவ உணவு மட்டும் என்று அதில் எழுதியிருக்கும். தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து வாசித்துக் காட்டினால், மட்டக்களப்பென்றாலும் கல்முனையென்றாலும் அக்கரைப்பற்றென்றாலும், அடுப்படியிலிருந்து வருகிற முதல் கேள்வி அநேகமாக ஒன்றுதான்: "அப்ப கஞ்சி குடிக்கலாந்தானே?"

குடிக்கக் கூடாது. கஞ்சி தண்ணியாகத்தான் இருக்கிறது, பல்லுக்கு வேலையில்லை, வருத்தக்காரருக்கு நாம் காலங்காலமாகக் கொடுத்து வருவதும் அதைத்தான். இருந்தும் இந்த இரண்டு கிழமைக்கு அது ஆகாது. ஏன் ஆகாது என்பது விளங்கினால் தாளில் உள்ள மற்ற விதிகளும் விளங்கிவிடும். அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

இரைப்பையைத் தொட முன் ஈரலைத் தூக்க வேண்டும்

இன்று அதிகம் செய்யப்படுகிற எடை குறைப்பு ஒப்பரேஷன்கள் இரண்டு. ஒன்று ஸ்லீவ்: இரைப்பையை நீளவாக்கில் வெட்டி, ஏறக்குறைய 75 முதல் 80 வீதத்தை எடுத்துவிட்டு, ஒடுங்கிய குழாயளவு மட்டும் விடுவது. மற்றது பைபாஸ்: இரைப்பையின் மேல் நுனியில் ஒரு சின்னப் பையை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலோடு நேரே பொருத்துவது. இரண்டும் பெரும்பாலும் லப்ரொஸ்கோப்பி முறையில், வயிற்றில் சில சிறு துளைகள் போட்டு, கமராவை உள்ளே விட்டுச் செய்யப்படுகின்றன. இரண்டிலும் சேர்ஜனின் கத்தி போக வேண்டிய முக்கியமான இடம், உணவுக்குழாய் வந்து இரைப்பையில் சேருகிற மேல்மூலை.

அந்த மூலையின் மேல்தான் ஈரல் கிடக்கிறது. ஈரல் வலப்பக்கத்து உறுப்பு என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். ஆனால் அதன் இடது மடல் நடுக்கோட்டைத் தாண்டி வந்து இரைப்பையின் மேற்பகுதியை மூடியிருக்கும். சேர்ஜன் முதலில் ஒரு கருவியால் அந்த மடலை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டால்தான் கீழே இருப்பது தெரியும். ஒப்பரேஷன் முடியும் வரைக்கும் அது தூக்கினபடியே இருக்க வேண்டும்.

நல்ல ஈரல் என்றால் இதில் பெரிய சிரமம் இல்லை. உடல் எடை அதிகமானவர்களில் மிகப் பலருக்கு ஈரலில் கொழுப்பு படிந்திருக்கும். ஸ்கேன் ரிப்போட்டில் ஃபெற்றி லிவர் என்று எழுதுவார்களே, அதுதான். கொழுப்பேறின ஈரல் பெருத்து, பாரமாகி, மெதுமெதுவென்று இருக்கும். தூக்கும்போது இலேசில் கிழிந்து இரத்தம் கசியும். போதிய அளவு தூக்கவும் முடியாது, அதனால் பார்வை மறைக்கும். வேலை நேரம் நீளும். சில வேளைகளில் துளை முறையைக் கைவிட்டு வயிற்றைத் திறக்க வேண்டி வரும். ஈரல் இடம் தராததால் ஒன்றும் செய்யாமலே தைத்து மூடி, இன்னொரு நாளைக்கு வாருங்கள் என்று அனுப்புகிற நிலைமைகூட வரலாம்.

இரண்டு கிழமைத் திரவ உணவு இதற்காகத்தான். ஆளை மெலிய வைப்பது அதன் முதல் நோக்கம் அல்ல. எடையும் குறையும், அது கூடவே வருகிற இலாபம்.

எப்படிச் சுருங்குகிறது?

ஈரல் மாச்சத்தை கிளைக்கோஜன் என்ற பெயரில் சேமித்து வைக்கிறது. வேளாண்மைக்காரர் வீட்டு மூலையில் சாப்பாட்டுக்கென்று நெல் மூடை இருப்பதைப்போல, அன்றாடம் எடுத்துச் செலவழித்து, சாப்பிட்டதும் மறுபடி நிரப்பி வைக்கிற கையிருப்பு அது. சாதாரணமாக ஈரலில் இது 100 கிராமளவு இருக்கும். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் தன்னோடு ஏறக்குறைய 3 கிராம் தண்ணியையும் பிடித்து வைத்திருக்கும். தசைகளிலும் இப்படி ஒரு கையிருப்பு உண்டு, அது ஈரலில் உள்ளதைவிடப் பல மடங்கு.

சோறும் சீனியும் உள்ளே போவது நின்றால் ஓரிரு நாளில் ஈரலின் கையிருப்பு தீர்ந்துபோகும், அது பிடித்து வைத்திருந்த தண்ணியும் இறங்கிவிடும். முதல் சில நாட்களில் தராசு சடசடவென்று இறங்குவதற்குப் பெரும்பாலும் இந்தத் தண்ணிதான் காரணம். அதைப் பார்த்து மிதமிஞ்சிச் சந்தோஷப்படவும் வேண்டாம், பிறகு மெதுவாகும்போது மனம் உடையவும் வேண்டாம். கையிருப்பு தீர்ந்த பிறகு உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்குகிறது. ஈரலில் படிந்த கொழுப்பு அப்போது வேகமாகக் கரையும். இப்படியான உணவில் ஈரல் சுருங்குவதில் பெரும்பகுதி முதல் இரண்டு கிழமையிலேயே நடந்துவிடுகிறது என்பது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. எடை மிகவும் அதிகமானவர்களுக்குச் சில வைத்தியர்கள் மூன்று, நான்கு கிழமையும் சொல்வார்கள். சிலருக்கு ஒரு கிழமை போதும். உங்கள் தாளில் என்ன இருக்கிறதோ அதுதான் உங்களுக்கு.

ஆகவே கணக்கு மூன்றே மூன்று: மாச்சத்தும் சீனியும் குறைவு, கொழுப்பு குறைவு, புரதம் போதியளவு. மொத்தத்தில் ஒரு நாளைக்கு 800 முதல் 1000 கலோரி வரை என்று வைப்பது வழக்கம். புரதம் 60 முதல் 80 கிராம். திரவமாகக் கொடுப்பது அளந்து குடிக்க வசதி என்பதற்காகவும், சோத்துக் கோப்பைக்கு முன்னால் உட்காரும் பழக்கத்தை முழுசாக நிறுத்தி வைப்பதற்காகவும். சில இடங்களில் இதே கணக்கில் ஒரு நேரம் கொஞ்சம் திட உணவும் அனுமதிப்பார்கள்.

இப்போது கஞ்சிக்கு வருவோம். அரிசியைக் கரைய விட்டுத் தேங்காய்ப்பாலும் ஊற்றினால் மாச்சத்தும் கொழுப்பும் சேர்ந்தே உள்ளே போகும். பல்லுக்கு வேலை இல்லாதபடியால் இன்னும் கெதியாய்ப் போய்ச் சேரும். நோன்புக் கஞ்சியும் அப்படியே. இலைக்கஞ்சி உடம்புக்கு நல்லது என்று சொல்வார்கள், மற்ற நாளில் சரி, இப்போது அதற்குள் இருக்கிற அரிசி இடைஞ்சல். குரக்கன் கூழ், பலூடா, சர்பத், மில்க் ஷேக், மோல்ற் கலந்த ரின் பானங்கள் எல்லாம் திரவம்தான், ஈரலுக்கு அவை எல்லாம் ஒரு கோப்பைச் சோறுதான். சாராயமும் பியரும்கூடத் திரவம் என்று ஒருவர் பகிடிக்குச் சொல்லுவார். அவை நேரே ஈரலைத் தாக்குபவை என்பதால் அந்தப் பகிடிக்கு இங்கே இடமில்லை. புகைப்பதையும் ஒப்பரேஷனுக்குப் பல கிழமைக்கு முன்பே விட்டிருக்க வேண்டும்.

செவ்விளநீரைப் பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள். அதில் சோடாவைவிடச் சீனி குறைவு என்பது உண்மை. ஆனால் இல்லாமல் இல்லை. பொட்டாசியமும் நிறைய. சிறுநீரக வருத்தம் உள்ளவர்களுக்கும், பிரஷருக்குச் சில வகைக் குளிசை எடுப்பவர்களுக்கும் அது கூடாது. தாளில் இளநீர் என்று எழுதியிருந்தால் சொன்ன அளவுக்குக் குடியுங்கள். எழுதாவிட்டால் கேட்காமல் வெட்ட வேண்டாம்.

கடையில் வாங்குகிற போத்தல் பானங்களுக்கு ஒரு சுலபமான வழி உண்டு. 2016ஆம் ஆண்டிலிருந்து இலங்கையில் பானங்களின் லேபிளில் சீனி அளவை நிறத்தில் காட்டுகிறார்கள். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், 2 கிராமுக்குக் கீழே பச்சை. இந்த இரண்டு கிழமையும் பச்சையைத் தவிர மற்றதைத் திரும்பிப் பார்க்க வேண்டாம். பச்சையாக இருந்தாலும் கேஸ் அடைத்த பானம் வேண்டாம் என்று பல வைத்தியர்கள் சொல்வார்கள், வயிறு ஊதும்.

அப்ப எதைத்தான் குடிக்கிறது?

முதலிடம் பாலுக்கு. வெளிநாடுகளில் சில வைத்தியசாலைகள் வேறு ஒன்றும் இல்லாமல் கொழுப்பு நீக்கிய பாலை மட்டுமே நாள் முழுவதும் குடிக்கச் சொல்வதுண்டு. காரணம் கணக்கில் இருக்கிறது: இரண்டு லீற்றர் கொழுப்பு நீக்கிய பாலில் ஏறக்குறைய 70 கிராம் புரதமும் 700 கலோரியும் வரும். பாலிலும் இயற்கைச் சீனி உண்டு, ஆனால் மொத்த அளவு கைக்குள் நிற்கிறது. இங்கே கவனிக்க வேண்டியது பால்மாப் பைக்கற்று. வழமையாக வீட்டில் தேத்தண்ணிக்குப் போடுகிற முழு ஆடைப் பால்மாவில் 100 கிராமுக்கு 26, 28 கிராம் கொழுப்பு இருக்கும். கொழுப்பு நீக்கியதில் ஒரு கிராமளவுதான், புரதமும் அதில் அதிகம். இரண்டும் ஒரே கொம்பனியின் ஒரே மாதிரிப் பைக்கற்றில் வரும், முன்பக்கத்தை மட்டும் பார்த்து எடுக்காமல் பின்பக்க அட்டவணையையும் வாசியுங்கள். பால் குடித்தால் வயிறு இரைந்து ஓடுகிறவர்கள் முதலே சொல்லிவிட வேண்டும். அவர்களுக்குப் புரத மாவில் வேறு வகை தருவார்கள்.

எங்கள் ஊருக்குப் பேர் வாங்கித் தந்த எருமைத் தயிரை இரண்டு கிழமை மறந்துவிடுங்கள். எருமைப் பாலில் பசுப்பாலைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு கொழுப்பு. அந்தச் சட்டித் தயிர் கட்டியாகவும் ருசியாகவும் இருப்பதன் இரகசியமே அதுதான். மோர் வேண்டும் என்றால் கொழுப்பு நீக்கிய பாலில் உறை போட்டுக் கடைந்து, உப்பும் இஞ்சிச் சாறும் விட்டு, வடித்துக் குடிக்கலாம். வெயில் நேரத்தில் அதற்கு ஈடு கிடையாது.

இனிப்பும் பாலும் இரண்டாம் நாளே திகட்டிவிடும். அதனால் உப்பும் உறைப்பும் உள்ள ஏதாவது ஒன்று கட்டாயம் வேண்டும். இதில் எங்களுக்குக் கை கொடுப்பது சூப்பும் ரசமும். கோழி எலும்பையோ வாவி மீனின் தலையையோ மிளகு, உள்ளி, இஞ்சி, மஞ்சள் போட்டு அவித்து, துணியில் வடியுங்கள். வடித்ததை அப்படியே குடிக்காமல் ஒரு இரவு பிரிட்ஜில் வைத்துப் பாருங்கள். காலையில் மேலே வெள்ளையாகவோ மஞ்சளாகவோ ஒரு படை உறைந்திருக்கும். கோழி என்றால் தடிப்பாகவே இருக்கும். அந்தப் படையைக் கரண்டியால் தூக்கி வீசிவிட்டு மிச்சத்தைச் சூடாக்கிக் குடிக்க வேண்டும். வீசின அந்தப் படைதான் ஈரலுக்கு எதிரி. சூப் கட்டி போட்டுச் செய்வதும் பரவாயில்லை, ஆனால் அதில் உப்பு கடுமை, பிரஷர்காரர் அளந்து போட வேண்டும். மார்மைட்டில் கால் தேக்கரண்டி எடுத்து வெந்நீரில் கரைத்து, தேசிக்காய்ப் புளி நாலு சொட்டு விட்டால் நாக்குக்கு உயிர் வரும்.

சூப்பை மட்டும் நம்பி இருந்துவிடக் கூடாது. அதில் புரதம் மிகக் குறைவு. பருப்புத் தண்ணியும் அப்படித்தான். வடித்த தண்ணியில் நிறமும் மணமும் வருகிறது, புரதத்தின் பெரும்பகுதி வடிக்குள்ளேயே நின்றுவிடுகிறது. புரதம் குறைந்தால் உடம்பு கொழுப்போடு சேர்த்துத் தசையையும் கரைக்கும். ஒப்பரேஷன் காயம் ஆறுவதற்கும் புரதம் வேண்டும். பாலும் புரத மாவும் சாப்பாடு என்றும், சூப்பும் ரசமும் ஆசைக்கு என்றும் வைத்துக்கொண்டால் கணக்குப் பிசகாது. புரத மா வாங்கும்போது உடற்பயிற்சிக் கடைகளில் உடம்பு பெருப்பிக்க விற்கிற வகையை எடுத்துவிட வேண்டாம், அவற்றில் பலதில் சீனி கொட்டிக் கிடக்கும். தாளில் பேர் இருந்தால் அதையே வாங்குங்கள்.

பிளேன்ரீ குடிக்கலாம், சீனியும் பனங்கட்டியும் இல்லாமல். தேத்தண்ணிப் பழக்கத்தைத் திடீரென்று முழுவதும் விட்டால் அதனாலேயே தலையிடி வரும், ஏற்கெனவே வருகிற தலையிடிக்கு மேல் அதுவும் வேண்டாம். தேன் விட்ட தேசிக்காய்த் தண்ணி கொழுப்பைக் கரைக்கும் என்று யாராவது சொல்லுவார்கள். தேனும் சீனிதான். ஈரலைச் சுத்தமாக்கும் என்று கீழ்க்காய்நெல்லிச் சாறும் கொண்டுவந்து தருவார்கள். அன்பாகத்தான் தருகிறார்கள், இருந்தாலும் ஒப்பரேஷனுக்குப் போகிற உடம்பில் என்ன மூலிகை போனது என்று மயக்க மருந்து கொடுக்கிற வைத்தியருக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது. ஆகவே எந்தச் சாறும் வேண்டாம்.

குளிசையும் ஊசியும்

இந்தப் பகுதியைப் பாய்ந்து போய்விடாதீர்கள். சாப்பாடு கஷ்டமாக இருக்கலாம், அதனால் ஆபத்து வருவது அரிது. ஆபத்து வருவது நீரிழிவு மருந்தால்.

நேற்று வரை மூன்று நேரமும் சோறு, புட்டு, இடியப்பம் என்று சாப்பிட்ட உடம்புக்குக் கணக்குப் பார்த்து எழுதின இன்சுலின் அளவு, இன்றைக்குப் பாலும் ரசமும் குடிக்கிற உடம்புக்கு மிகமிக அதிகம். அதே அளவைப் போட்டால் இரத்தச் சீனி தரைமட்டத்துக்கு இறங்கிவிடும். கிளிக்ளசைட், கிளிமிபிரைட், கிளிபென்கிளமைட், டொல்பியூட்டமைட் போன்ற குளிசைகளும் இதே வேலையைச் செய்யும். மெற்போமின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்தப் பயம் குறைவு. எம்பாகிளிஃபுளோசின், டாபாகிளிஃபுளோசின் போன்ற புதிய வகைக் குளிசைகளின் ஆபத்து வேறு மாதிரி: மாச்சத்துக் குறைந்த உணவோடு அவையும் சேர்ந்தால் இரத்தத்தில் அமிலம் ஏறலாம், அதுவும் சீனி அளவு சாதாரணமாகத் தெரிகிற நேரத்திலேயே. சத்தி, வயிற்று வலி, மூச்சு வாங்கல் என்று வந்தால் வீட்டில் இருந்து பார்க்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். அதனால் அந்த வகையை ஒப்பரேஷனுக்கு நாட்கள் முன்பே, பல வேளைகளில் இந்த உணவு தொடங்கும்போதே நிறுத்திவிடுவார்கள்.

எதையும் நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம். இங்கே எங்களுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. ஒப்பரேஷன் செய்கிற சேர்ஜன் கொழும்பில் இருக்கலாம். நீரிழிவுக் கிளினிக் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலோ கல்முனையிலோ அம்பாறையிலோ இருக்கும். இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் கதைத்துக்கொள்வார்கள் என்று நினைத்துக்கொண்டு இருந்தால், கதைத்திருக்க மாட்டார்கள். நடுவில் இருக்கிற தூதுவர் நீங்கள்தான். திகதி கிடைத்த உடனே கிளினிக் கொப்பியையும் அந்தத் தாளையும் ஒன்றாகக் கொண்டுபோய், "இந்த நாளிலிருந்து எனக்கு ஒரு நாளைக்கு 800 கலோரிதான், மருந்தை எப்படி மாற்றுவது?" என்று நேரடியாகக் கேளுங்கள். அடுத்த கிளினிக் நாள் வரும் வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

இன்சுலினோ மேலே சொன்ன குளிசைகளோ எடுப்பவர்கள் வீட்டில் குளுக்கோமீற்றர் வைத்திருக்க வேண்டும். அளவு 70க்கு (mg/dl) கீழே போனால், அல்லது கை நடுங்கி, வியர்த்து, நெஞ்சு படபடத்து, பேச்சுத் தடுமாறினால், மூன்று தேக்கரண்டி சீனியை அரைக் கிளாஸ் தண்ணியில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கள், ஏறாவிட்டால் இன்னொரு முறை. இந்த நேரத்தில் சீனி மருந்து. உணவு விதியை முறித்துவிட்டேனே என்று ஒரு நிமிடமும் யோசிக்க வேண்டாம். வீட்டில் இருக்கிறவர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். மயங்கின ஆளின் வாயில் ஒன்றும் ஊற்றக் கூடாது, வாகனத்தில் ஏற்றுவதுதான் வேலை.

பிரஷர் குளிசைக்கும் இதே கதை. எடையும் உப்பும் தண்ணியும் இறங்கும்போது பிரஷரும் இறங்கும். சலம் போவதற்கான குளிசை எடுப்பவர்கள் படுக்கையிலிருந்து எழும்பும்போது தலை சுற்றி விழக் கூடும். இரத்தம் உறையாமல் இருக்க வோர்பரின் குளிசை எடுப்பவர்களின் இரத்தப் பரிசோதனை அளவும் உணவு மாறினால் மாறும். அம்பாறை மாவட்டத்தில் சிறுநீரக நோய் கூடுதலாக உள்ள இடங்களும் உண்டு. சிறுநீரகத்தில் பழுது இருப்பதாகத் தெரிந்தவர்களுக்குப் புரத அளவே வேறு, அவர்களுக்கு மேலே நான் எழுதின 60, 80 கணக்குப் பொருந்தாது.

முதல் நாலு நாள்

கஷ்டம் எல்லாம் பெரும்பாலும் முன்பக்கத்தில்தான். இரண்டாம், மூன்றாம் நாளில் தலையிடி, களைப்பு, எரிச்சல், வாயில் ஒரு மாதிரி மணம். உடம்பு சீனியை விட்டுக் கொழுப்புக்கு மாறுகிறது என்பதன் அடையாளங்கள் இவை. வாய் மணக்கிறதென்றால் வேலை நடக்கிறது. நாலாம், ஐந்தாம் நாள் வர, பசி தானாக மங்கிவிடுவதாகப் பலர் சொல்வார்கள். அந்த முதல் நாலு நாளில் வயல் வெட்டோ கலியாண வீட்டுச் சமையலோ வைத்துக்கொள்ளாதீர்கள். லீவு எடுக்க முடிந்தால் முதல் நாட்களுக்கு எடுப்பதுதான் புத்தி.

விரதம் பிடித்துப் பழகினவர்களுக்கு இது லேசு என்று ஒரு எண்ணம் உண்டு. கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் இருப்பவர்கள், ரமழான் முழுதும் நோன்பு பிடிப்பவர்கள் எங்களிடம் தாராளம். மன உறுதி என்ற அளவில் அந்தப் பழக்கம் உதவும். முறை வேறு. விரதத்தில் நீண்ட நேரம் வெறும் வயிறு, பிறகு ஒரேயடியாகச் சாப்பாடு. இங்கே அப்படி வெறும் வயிறாக விடவே கூடாது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் ஒரு கிளாஸ், மெதுமெதுவாக, பசி வரும் வரைக்கும் காத்திராமல். பகல் முழுதும் ஒன்றும் குடிக்காமல் இருந்து பொழுதுபட்டதும் இரண்டு லீற்றர் பாலை மடமடவென்று குடித்தால் வயிறும் கெடும், இரவு பிரிட்ஜைத் திறக்கவும் மனம் சொல்லும். திகதி ரமழானுக்குள் விழுந்தால் வைத்தியரோடும் உங்கள் பள்ளிவாசல் ஆலிமோடும் முதலே கதைத்துக்கொள்ளுங்கள்.

பசியைவிட ஆளை வாட்டுவது சப்புகிற ஆசை. வயிறு நிறைந்திருக்கும், பல்லுக்கு மட்டும் ஏதோ குறையும். இதற்கு ஒரே மருந்து கிடையாது. பல் தீட்டுவது சிலருக்கு உதவும். சூடான ரசத்தைக் கரண்டியால் குடிப்பது, கிளாஸில் குடிப்பதைவிட ஒரு சாப்பாட்டு உணர்வைத் தரும். வெறும் ஐஸ்கட்டியை உறிஞ்சலாம்.

வீட்டில் சமைக்கிறவரே ஒப்பரேஷனுக்குப் போகிறவர் என்றால் கதை இன்னும் கஷ்டம். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறது, அம்மாக்கள்தானே. மீன் பொரிக்கிற மணத்துக்குள் நின்றுகொண்டு மோர் குடி என்றால் யாரால் முடியும்? உப்புப் பார்க்கிறேன் என்று ஒரு கரண்டி, பிள்ளை வைத்த மிச்சம் ஒரு வாய் என்று போகிறதுதான் இந்த உணவைக் கெடுக்கிற முதல் வழி. இந்த இரண்டு கிழமையும் சமையலை வேறொருவர் எடுக்க வேண்டும். புருசனுக்குச் சமைக்கத் தெரியாது என்றால் இடியப்பமும் சம்பலும் கடையில் வாங்கலாம், யாரும் செத்துப்போக மாட்டார்கள்.

வெளியாட்கள் அடுத்த தொல்லை. வந்தவரைப் போக விடாமல் பாயோடு ஒட்ட வைப்பவர்கள் என்று மட்டக்களப்புக்கு ஒரு பேர் உண்டு, உபசாரம் அப்படி. போன வீட்டில் தேத்தண்ணி வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வார்கள். ஒப்பரேஷன் கதையை எல்லாருக்கும் சொல்ல விருப்பம் இல்லாவிட்டால், "வயித்துக்குச் சரியில்ல, டொக்டர் சீனி வேணாம் எண்டவர்" என்று சொல்லிவிட்டு ஒரு பிளேன்ரீயை வாங்கிக்கொள்ளுங்கள். அதில் பொய்யும் இல்லை. இரண்டு கிழமைக்குள் கலியாணமோ கோயில் திருவிழா அன்னதானமோ வந்தால், போகாமல் விடுவதே நல்லது என்பேன். மனதைச் சோதித்துப் பார்க்க இது நேரமில்லை.

கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் தண்ணி விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். பால், சூப் எல்லாம் சேர்த்து இரண்டு லீற்றர் என்பது சாதாரணக் கணக்கு. வியர்த்துக் கொட்டுகிறவருக்கு அது போதாது. சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனால் தண்ணி காணாது. நிற்கும்போது தலை சுற்றினால் உப்பும் காணாமல் இருக்கலாம், ஒரு கோப்பைச் சூப் குடித்துப் பாருங்கள், நிற்காவிட்டால் வைத்தியரைக் கேளுங்கள். நார் இல்லாத உணவு என்பதால் மலச்சிக்கல் வரும், மூன்று நாளுக்கு ஒருக்கால் போவதெல்லாம் இந்த நேரத்தில் அதிசயமில்லை. கஷ்டமாக இருந்தால் பார்மசியில் நீங்களாக வாங்காமல் வைத்தியரிடம் கேட்டு மருந்து எடுங்கள். எடை வேகமாக இறங்கும்போது பித்தப்பையில் கல் சேரலாம். வலப்பக்க விலாவுக்குக் கீழே கடும் வலி வந்தால் அதையும் உடனே காட்ட வேண்டும்.

தவறிச் சாப்பிட்டுவிட்டால்

ஐந்தாம் நாள் இரவு ஒரு கோப்பை புட்டும் இறால் கறியும் சாப்பிட்டாயிற்று. சரி. அதோடு ஈரல் பழையபடி வீங்கிவிடாது. அடுத்த நாள் காலையில் தாளில் உள்ளதற்குத் திரும்புங்கள். ஈடு செய்கிறேன் என்று மறுநாள் முழுதும் பட்டினி கிடப்பது, நீரிழிவு மருந்து எடுப்பவர்களுக்கு இன்னும் ஆபத்து. ஆனால் இது நாலு தரம், ஐந்து தரம் நடந்திருந்தால் ஒப்பரேஷன் குழுவிடம் சொல்ல வேண்டும். ஏசுவார்கள் என்ற பயத்தில் மறைப்பவர்கள் உண்டு. தேவைப்பட்டால் திகதியை ஒரு கிழமை தள்ளிப்போடுவார்கள். வயிற்றுக்குள் கமராவை விட்டபின் பெருத்த ஈரலைக் கண்டுபிடிப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

உணவு தொடங்குவதற்கு முந்தின கிழமையில் கடைசியாக ஒருக்கால் என்று பிரியாணி, எருமைத் தயிரும் பாணியும், கொத்து என்று ஆசை தீரச் சாப்பிடுவதும் வழக்கமாகிவிட்டது. மனதுக்கு விளங்குகிறது. ஈரல் அந்தக் கிழமையில் நிரம்பி வழிந்தால் பிறகு வருகிற இரண்டு கிழமையில் ஒரு பங்கு அதைக் காலி பண்ணவே போய்விடும். ஒரு நேரம் ஆசைக்குச் சாப்பிடுங்கள், ஒரு கிழமை வேண்டாம்.

கடைசி நாள்

ஒப்பரேஷனுக்கு முதல் நாள் பாலும் புரத மாவும்கூட நிற்கும். தெளிந்த திரவம் மட்டும் என்பார்கள்: தண்ணி, பால் இல்லாத பிளேன்ரீ, துணியில் வடித்த தெளிந்த சூப். கிளாஸுக்கு அந்தப்பக்கம் விரலைப் பிடித்தால் விரல் தெரிய வேண்டும், அதுதான் அளவுகோல். ரசத்தில் தெளிவு மட்டும். அன்றைய பகல் வயிறு கத்தும், அது ஒரே ஒரு நாள்.

கொழும்புக்குப் போவதாக இருந்தால் பயணத்தையும் யோசிக்க வேண்டும். உதயதேவி ரயிலிலோ இரவு பஸ்ஸிலோ ஏழெட்டு மணித்தியாலமாவது போகும். வழியில் இஸ்ஸோ வடையும் கடலையும் வந்துகொண்டே இருக்கும், பஸ் நிற்கிற கடையில் சீனி போடாத எதுவும் கிடைக்காது. பிளாஸ்கில் சூடாக வடித்த சூப், ஒரு போத்தல் தண்ணி, தெளிந்த திரவ நாளுக்கு முன்பே பயணம் என்றால் தனியாகக் கட்டின பால்மா, குளுக்கோமீற்றர், அவசரத்துக்குச் சீனி எல்லாம் கையில் இருக்கட்டும். முடிந்தால் ஒரு நாள் முன்பே போய்ச் சேர்ந்து தங்குங்கள். களைத்து விழுந்து போய் அட்மிட் ஆவதைவிட அது நல்லது.

மயக்க மருந்து கொடுப்பதற்கு முந்தின மணித்தியாலங்களில் விதி இன்னும் இறுகும். திட உணவுக்கும் பாலுக்கும் குறைந்தது 6 மணித்தியாலம், தெளிந்த திரவத்துக்கு 2 மணித்தியாலம் என்பது பொதுவான அளவு. உங்கள் வைத்தியசாலை அதைவிடக் கூடவும் சொல்லலாம், நடுச்சாமத்தோடு நிறுத்து என்றால் நிறுத்திவிட வேண்டும். இதன் காரணம் ஈரல் இல்லை. மயக்கத்தில் இரைப்பையில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. தியேட்டருக்குக் கொண்டுபோகுமுன் கடைசியாக எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டீர்கள், என்ன குடித்தீர்கள் என்று கேட்பார்கள். பஸ்ஸில் தெரியாமல் கடித்த ஒரு பிஸ்கற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்.